கண்ணிலிருந்து பின்னோக்கி: வீட்டில் செய்யும் ஸ்டீரியோ ஸ்லைடு பார்வைப்பெட்டிக்கு ஒளி அமைக்கும் முறை

ஒரே காட்சியைச் சற்றே தள்ளித் தள்ளி எடுத்த இரண்டு ஸ்லைடுகளைக் கண்ணுக்கு ஒன்றாகக் காட்டி, ஆழம் தோன்றச் செய்வது ஸ்டீரியோ ஸ்லைடு பார்வைப்பெட்டி. அதில் இருப்பவை மூன்றே பகுதிகள்தான்: இரண்டு லென்ஸ்கள், அவற்றுக்கு எதிரே இரண்டு ஸ்லைடுகள், பின்னால் ஒரு விளக்கு. புதிதாகச் செய்பவர்கள் முதல் இரண்டைப் பற்றி நிறையக் கவலைப்படுகிறார்கள். மூன்றாவதை, கையில் கிடைத்த எல்இடியை வைத்து முன்னால் ஒரு வெள்ளைத் தாளை ஒட்டி முடித்துவிடுகிறார்கள். ராமநாதபுரம் கடற்கரையில் படம் எடுப்பவருக்கு இது கட்டுப்படியாகாது. தோட்டத்தையோ கடைத்தெருவையோ எடுத்த ஸ்லைடில் இலையும் நிழலும் ஆட்களும் நிறைந்திருப்பதால், ஒரு மூலையில் ஒளி குறைந்தாலும் கண் அதைப் பொருட்படுத்துவதில்லை. தனுஷ்கோடியில் இடிந்து நிற்கும் தேவாலயத்தையோ பாம்பன் பாலத்தையோ எடுத்த ஸ்லைடில் பாதிக்கு மேல் வெறும் வானமும் மணலும் தண்ணீரும்தான் இருக்கும். அங்கே ஒளியின் ஏற்றத்தாழ்வு ஒவ்வொன்றும் கறையாகவே தெரியும். இடக்கண் பார்க்கும் கறையும் வலக்கண் பார்க்கும் கறையும் ஒரே இடத்தில் விழாவிட்டால், அது வானத்துக்கு முன்னாலோ பின்னாலோ தனியாக மிதப்பது போலத் தோன்றிப் படத்தின் ஆழத்தையே குலைத்துவிடும்.

ஆகவே இந்தக் கட்டுரை ஒளியமைப்பை மட்டுமே எடுத்துக்கொள்கிறது. 50 × 50 மி.மீ. சட்டத்தில் பொருத்திய சாதாரண 35 மி.மீ. ஸ்லைடுகளை, அதாவது 36 × 24 மி.மீ. படத்தை, வைத்துக்கொண்டு கணக்கிடுவோம். ஒரே கேமராவைப் பக்கவாட்டில் நகர்த்தி இரண்டு படம் எடுப்பவர்களிடம் இருப்பது இவைதான். 1947இல் அமெரிக்காவின் டேவிட் ஒயிட் நிறுவனம் வெளியிட்ட ஸ்டீரியோ ரியலிஸ்ட் கேமராவின் ஸ்லைடுகள் யாரிடமாவது இருந்தால், அவற்றில் படம் சுமார் 23 × 24 மி.மீ. அளவே என்பதால் கீழே வரும் அளவுகள் எல்லாம் சுருங்கும், முறை மாறாது.

லென்ஸும் கண்ணும்

குவியத் தொலைவு 50 மி.மீ., விட்டம் 30 மி.மீ. கொண்ட, ஒன்றுக்கொன்று மாறுபாடில்லாத இரண்டு லென்ஸ்கள் தேவை. நகை பார்ப்பவர்களும் கடிகாரம் பழுது பார்ப்பவர்களும் வைத்திருக்கும் ஐந்து மடங்கு உருப்பெருக்கியின் குவியத் தொலைவு ஏறத்தாழ இதுவே. வாங்கும்போது சன்னலுக்கு எதிர்ச் சுவரில், வெளியே தூரத்தில் தெரியும் பனைமரத்தின் பிம்பத்தைத் தெளிவாக விழச் செய்து, லென்ஸுக்கும் சுவருக்கும் இடையிலுள்ள தூரத்தை அளந்து பார்த்துக்கொள்ளலாம். இரண்டு லென்ஸும் ஒரே அளவு காட்ட வேண்டும். படம் எடுத்த கேமராவின் லென்ஸும் 50 மி.மீ. என்றால், காட்சியின் ஆழம் நேரில் பார்த்தது போலவே இருக்கும் என்பது கூடுதல் லாபம்.

லென்ஸ் மையங்களுக்கு இடையே 65 மி.மீ. இருக்கட்டும். ஸ்லைடு லென்ஸிலிருந்து 50 மி.மீ. தூரத்தில் நிற்கும். கண் லென்ஸுக்கு இந்தப் பக்கம் சுமார் 20 மி.மீ. தள்ளி இருக்கும். வெளிச்சமான படத்தைப் பார்க்கும்போது கண்பாவையின் விட்டம் 3 மி.மீ. அளவுக்குச் சுருங்கியிருக்கும். ஆனால் பார்ப்பவர் பெட்டியை எப்போதும் சரியாக நடுவில் பிடிப்பார் என்று நம்ப முடியாது. குழந்தைகளும் பெரியவர்களும் மாறி மாறிப் பார்க்கும் வீட்டில், கண் நடுவிலிருந்து எந்தப் பக்கமும் 6 மி.மீ. வரை விலகலாம் என்று இடம் கொடுத்து வடிவமைப்பதே நல்லது.

ஒளியமைப்பைக் கணக்கிட வேண்டிய திசை விளக்கிலிருந்து கண்ணை நோக்கியதன்று. கண்ணிலிருந்து விளக்கை நோக்கியது. ஸ்லைடின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் எந்தத் திசையில் புறப்படும் ஒளி கண்பாவைக்குள் நுழைகிறதோ, அந்தத் திசைக்கு நேர் பின்னால் விளக்குப் பரப்பு இருந்தால் அந்தப் புள்ளி ஒளிரும்; இல்லாவிட்டால், பத்து வாட் பல்பு வைத்தாலும் அந்த இடம் இருண்டுதான் இருக்கும்.

ஸ்லைடு இருக்கும் பக்கத்திலிருந்து லென்ஸ் வழியாகப் பார்த்தால் கண்பாவை உள்ளபடி தெரியாது. இன்னும் தள்ளியும் இன்னும் பெரியதாகவும் தெரியும். எவ்வளவு தள்ளி என்பதற்குக் குவியத் தொலைவை அதனாலேயே பெருக்கி, குவியத் தொலைவிலிருந்து கண்ணின் தூரத்தைக் கழித்து வரும் எண்ணால் வகுக்க வேண்டும். 50ஐ 50ஆல் பெருக்கினால் 2,500. 50இல் 20 போனால் 30. வகுத்தால் 83 மி.மீ. இது ஸ்லைடிலிருந்து கண்ணின் பக்கமாக அளக்கும் தூரம். எவ்வளவு பெரியதாக என்பதற்கு 50ஐ 30ஆல் வகுத்தால் 1.67 மடங்கு, எனவே கண் விலகும் 6 மி.மீ. அங்கே 10 மி.மீ. ஆகிறது.

இந்த இரண்டு எண்கள் கிடைத்துவிட்டால் மீதியைக் கிராஃப் தாளில் உண்மை அளவிலேயே வரைந்து முடித்துவிடலாம். நடுக்கோடு ஒன்று போடுங்கள். அதற்குச் செங்குத்தாக, நடுவிலிருந்து இருபுறமும் 18 மி.மீ. நீளும் கோடு ஸ்லைடின் அகலம். அதிலிருந்து 83 மி.மீ. முன்னால், நடுக்கோட்டுக்கு இருபுறமும் 10 மி.மீ. தள்ளி இரண்டு குறிகள் வையுங்கள். ஸ்லைடின் மேல் முனையைக் கீழ்க் குறியோடும், கீழ் முனையை மேல் குறியோடும் இணைத்து, அந்தக் கோடுகளை ஸ்லைடுக்குப் பின்னால் நீட்டுங்கள். கோடுகள் விரிந்துகொண்டே போகும். ஒளிரும் தகட்டை, அதாவது விளக்கின் ஒளியைச் சமமாகப் பரப்பும் பால்நிறத் தகட்டை, எங்கே வைக்கிறீர்களோ, அந்த இடத்தில் இரண்டு கோடுகளுக்கும் நடுவே உள்ள அகலம்தான் தகட்டின் குறைந்தபட்ச அகலம். 25 மி.மீ. பின்னால் வைத்தால் 53 மி.மீ. வரும், 40 மி.மீ. பின்னால் என்றால் 63 மி.மீ. வரும். ஸ்லைடு 36 மி.மீ. அகலம்தானே, 40 மி.மீ. தகடு தாராளம் என்று வெட்டுபவர்களுக்குப் படத்தின் ஓரங்கள் ஏன் இருண்டன என்பதற்கான விடை இந்தத் தாளில் இருக்கிறது.

மூக்குக் கண்ணாடி அணிபவர்களுக்குக் கண் இன்னும் சற்றுத் தள்ளிப் போகும். 25 மி.மீ. என்று வைத்துக் கணக்கிட்டால் தேவைப்படும் அகலம் சிறிது குறையவே செய்கிறது. எனவே 20 மி.மீ.க்கு வடிவமைத்தது அவர்களுக்கும் போதும்.

தகட்டின் தூரம்

அப்படியானால் தகட்டை ஸ்லைடின் முதுகோடு ஒட்டி வைத்தால் சிறிய தகடே போதுமே என்று தோன்றும். கூடாது. லென்ஸ் ஸ்லைடை ஐந்து மடங்கு பெரிதாக்கித் தெளிவாகக் காட்டுகிறது. ஸ்லைடை ஒட்டியிருக்கும் எதையும் அதே தெளிவோடு காட்டும். தகட்டின் சொரசொரப்பு, டிரேசிங் தாளின் நார், அதன் மேல் விழுந்த தூசு எல்லாம் வானத்தில் அச்சடித்தாற்போல் தெரியும்.

எவ்வளவு தள்ளினால் இவை மறையும் என்பதற்கும் எளிய கணக்கு உண்டு. ஸ்லைடுக்கும் தகட்டுக்கும் உள்ள இடைவெளியைக் கண்பாவையின் விட்டத்தால் பெருக்கிக் குவியத் தொலைவால் வகுத்தால், தகட்டில் உள்ள ஒரு புள்ளி எவ்வளவு அகலத்துக்குக் கலங்கித் தெரியும் என்பது கிடைக்கும். 2 மி.மீ. இடைவெளியில் அது 0.12 மி.மீ. மட்டுமே, நார் ஒவ்வொன்றும் தெரியும். 25 மி.மீ. இடைவெளியில் 1.5 மி.மீ.; சாதாரணத் தூசும் கீறலும் கரைந்து போகும். 40 மி.மீ. வைத்தால் இன்னும் கலங்கும் என்றாலும், அப்போது தகட்டின் அகலம் 63 மி.மீ. ஆகி, 65 மி.மீ. இடைவெளியில் நிற்கும் இரண்டு கண்களுக்கான தகடுகளும் ஒன்றையொன்று முட்ட ஆரம்பிக்கும். என் விருப்பம் 25 மி.மீ. உயரத்துக்கும் இதே கணக்கைப் போட்டால் 37 மி.மீ. வரும். செய்முறையில் வரும் சிறு பிசகுகளுக்காக ஒரு கண்ணுக்கு 56 × 42 மி.மீ. என்று எடுத்துக்கொள்வோம்.

ஒரே பெட்டி, இரண்டு கண்கள்

இரண்டு கண்களுக்கும் தனித்தனி விளக்குப் பெட்டி செய்வது பலரின் பழக்கம். நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. ஒரே பாக்கெட்டில் வாங்கிய இரண்டு வெள்ளை எல்இடிகள்கூட ஒன்று சற்று நீலமாகவும் மற்றொன்று சற்று மஞ்சளாகவும் இருக்கக்கூடும். தனியே பார்த்தால் தெரியாத இந்த வேறுபாடு, ஒரே வெண்மணலை இரண்டு கண்களும் இரண்டு நிறத்தில் பார்க்கும்போது ஒருவித உறுத்தலாக வெளிப்படும். இரண்டு ஸ்லைடுகளுக்கும் பின்னால் ஒரே நீளமான தகடும் ஒரே பெட்டியும் இருந்தால், எல்லா எல்இடிகளின் ஒளியும் உள்ளே கலந்துவிடுவதால் இந்தத் தொல்லை பெரும்பாலும் ஒழிகிறது. இடப்பக்கத் தகட்டின் ஒளி வலப்பக்க ஸ்லைடு வழியாகச் சாய்வாகப் போனாலும், அது கண்பாவைக்குள் நுழையும் திசையில் இல்லாததால் கெடுதல் இல்லை. ஸ்லைடுக்கு முன்னால், லென்ஸ்கள் வரை, நடுவில் ஒரு கருப்புத் தடுப்புச் சுவர் இருந்தால் போதும்.

65ஐயும் 56ஐயும் கூட்டினால் 121. எனவே ஒளிரும் திறப்பு 122 × 42 மி.மீ. இருக்கட்டும். பெட்டியின் உள்ளளவு 124 மி.மீ. அகலம், 62 மி.மீ. உயரம், 40 மி.மீ. ஆழம். திறப்பைவிட உயரம் 20 மி.மீ. கூடுதலாக இருப்பதற்குக் காரணம் உண்டு: முன்பக்கத்தில் மேலும் கீழும் 10 மி.மீ. உதடு விடப்படுகிறது, அந்த உதடுகளின் உட்புறத்தில் எல்இடிகள் பின்சுவரை நோக்கி ஒட்டப்படுகின்றன. எல்இடி எதுவும் தகட்டை நேராகப் பார்க்கக் கூடாது. தகடு பார்ப்பது வெளிச்சம் விழுந்த வெள்ளைச் சுவரை மட்டுமே.

இந்தச் சுற்றுவழி எதற்கு? ஒரு கண்ணுக்கு ஓர் எல்இடியைத் தகட்டுக்கு நேர் பின்னால் 40 மி.மீ. தூரத்தில் வைத்தால், நடுவில் விழும் ஒளியில் பாதிதான் பக்க ஓரத்தில் விழும். மூலையில் இன்னும் குறைவு. ஒளி சாய்ந்து விழுவதும் தூரம் கூடுவதும் சேர்ந்து இந்த வீழ்ச்சியைத் தருகின்றன. தகட்டின் தடிமனைக் கூட்டி இதைச் சரிசெய்ய முயல்வது வெளிச்சத்தை வீணடிப்பதுதான்.

பெட்டியைச் செய்ய, பிளெக்ஸ் போர்டு கடைகளில் மிஞ்சும் 5 மி.மீ. பிவிசி ஃபோம் பலகைத் துண்டுகள் மிகவும் ஏற்றவை. கத்தியால் வெட்டலாம், ஈரத்துக்கு உப்பாது, கடற்காற்றுக்குத் துருப்பிடிக்க அதில் எதுவும் இல்லை. வெள்ளைப் பலகை சிறிது ஒளியைக் கசியவிடும் என்பதால் வெளிப்புறம் கருப்புத் தாளோ கருப்புப் பெயின்டோ வேண்டும். உட்புறத்துக்குப் பளபளப்பில்லாத வெள்ளைச் சுவர்ப்பூச்சு இரண்டு கோட் போதும். மண்டபம், பாம்பன் பக்கம் ஃபைபர் படகுக்குப் பூசும் வெள்ளை ஜெல்கோட் மிஞ்சியது கிடைத்தால் அதுவும் நல்ல வெண்மைதான். ஆனால் அது பளபளப்பாகக் காயும், எல்இடியின் பிம்பத்தைக் கண்ணாடி போலக் காட்டும், எனவே காய்ந்த பிறகு நயமான உப்புத்தாளால் தேய்த்து மங்கலாக்க வேண்டும்.

தகட்டுக்குப் பெயர்ப்பலகை செய்பவர்களிடம் கிடைக்கும் பால்நிற அக்ரிலிக் துண்டு, 2 அல்லது 3 மி.மீ. தடிமனில், போதும். அதைத் தேர்ந்தெடுக்கும் முறை இது: பின்னால் கைபேசி டார்ச்சை ஓரடி தூரத்தில் பிடித்து, தகட்டை நேராகவும் பிறகு சாய்வாகவும் பாருங்கள். எந்தக் கோணத்தில் பார்த்தாலும் ஒரே வெளிச்சமாகத் தெரிந்து, டார்ச் எங்கே இருக்கிறது என்பதே தெரியாவிட்டால் அது நல்ல தகடு. நடுவில் ஒரு பிரகாசமான பொட்டு கண்ணோடு சேர்ந்து நகர்ந்தால், அது ஒளியைப் போதுமான அளவு பரப்பவில்லை. தேய்த்த கண்ணாடி இந்தச் சோதனையில் தோற்கும். பழைய எல்இடி டிவியைப் பிரித்துப் போட்டிருக்கும் பழுதுக் கடையில் கிடைக்கும் பால்நிற டிஃப்யூசர் பலகை பெரும்பாலும் தேறும். ஆனால் அதனுடன் வரும், நுண்ணிய வரிகள் கொண்ட பளபளப்பான பட்டகத் தாளை எடுத்துவிடுங்கள். அது ஒளியை நேர்த்திசைக்கு ஒதுக்குகிறது. நமக்கோ ஸ்லைடின் ஓரங்களில் 12 பாகை சாய்ந்த ஒளி வேண்டும்.

பெட்டியின் தகட்டுக்கும் ஸ்லைடுக்கும் இடையிலுள்ள 25 மி.மீ. இடைவெளியின் சுவர்களையும், ஸ்லைடிலிருந்து லென்ஸ் வரையுள்ள அறையையும் மங்கலான கருப்பாக்குங்கள். தகட்டின் அளவு சரியாக இருந்தால் இந்தச் சுவர்களின் ஒளி கண்ணுக்குத் தேவையே இல்லை. வெள்ளையாக விட்டால் சிதறல் ஒளி கூடி, பனையோலைக் கூரைக்கு அடியிலுள்ள நிழல் சாம்பல் பூத்துப் போகும். லென்ஸ் அறைக்குக் கருப்பு வெல்வெட் துணி ஒட்டுவது பெயின்டைவிட நல்லது.

எத்தனை எல்இடி, எவ்வளவு மின்னோட்டம்

ஸ்லைடுகளை நேரடியாகப் பார்ப்பதற்கு ஐஎஸ்ஓ 3664 தரநிலை 5,000 கெல்வின் நிற வெப்பநிலையும், சதுர மீட்டருக்கு 1,270 கேண்டெலா ஒளிர்வும் கேட்கிறது. நம் தகட்டின் பரப்பு 122 × 42 மி.மீ.; அதாவது 0.0051 சதுர மீட்டர். எல்லாத் திசையிலும் சமமாகப் பரப்பும் தகடு என்றால், ஒளிர்வையும் பரப்பையும் 3.14ஐயும் பெருக்கினால் வெளியே வர வேண்டிய ஒளி கிடைக்கும்: ஏறத்தாழ 20 லூமென். பெட்டிக்குள்ளும் தகட்டிலும் மூன்றில் இரண்டு பங்கு வீணாகும் என்று வைத்துக்கொண்டால், எல்இடிகள் 60 லூமென் தந்தால் போதும். ஒரு வாட்டுக்கும் குறைந்த செலவு. சந்தையில் கண்ட பெரிய விளக்குகளை வாங்கிக் குவிப்பதற்கு முன் இந்த எண்ணை மனத்தில் கொள்ளுங்கள்.

இருண்ட ஸ்லைடுகளுக்காக இரட்டிப்பு வைத்துக்கொள்வோம். 2835 வகை, அரை வாட் எல்இடிகள் ஆறு. மேல் உதட்டில் மூன்று, கீழ் உதட்டில் மூன்று, 40 மி.மீ. இடைவெளியில். ஒவ்வொன்றுக்கும் 50 மில்லி ஆம்பியர். 5 வோல்ட் யுஎஸ்பி மின்சாரத்தில் எல்இடி சுமார் 3 வோல்ட்டை எடுத்துக்கொள்ள, மிச்சம் 2 வோல்ட், அதை 0.05 ஆம்பியரால் வகுத்தால் 40 ஓம். கடையில் கிடைப்பது 39 ஓம், கால் வாட். ஒவ்வோர் எல்இடிக்கும் தனி மின்தடை இருக்கட்டும். ஆறையும் ஒரே மின்தடையில் இணைத்தால் மின்னோட்டம் சமமாகப் பங்கிடாது. மொத்தம் 300 மில்லி ஆம்பியர் என்பதால் கைபேசி சார்ஜரும் பவர் பேங்கும் சுமக்கும்.

வெளிச்சத்தைக் குறைக்க, மொத்த இணைப்பில் 8.2 ஓம், அரை வாட் மின்தடை ஒன்றைச் சேர்த்து அதற்கு ஒரு சுவிட்ச் வைத்தால் மின்னோட்டம் பாதியாகும். விட்டு விட்டு எரியவைத்து வெளிச்சத்தைக் குறைக்கும் மலிவான டிம்மர்களைத் தவிருங்கள். கண் படத்தின் மேல் நகரும்போது அவற்றின் துடிப்பு தெரியக்கூடும். பவர் பேங்குகளில் சில, எடுக்கும் மின்னோட்டம் மிகக் குறைந்தால் தாமாகவே அணைந்துவிடும் என்பதையும் கவனத்தில் கொள்ளுங்கள்.

நிறத்துக்குச் சிஆர்ஐ (விளக்கு நிறங்களை எவ்வளவு இயல்பாகக் காட்டுகிறது என்பதன் அளவு) 95 என்று குறித்த எல்இடிகளைத் தேடுங்கள். விளம்பரப் பலகைகளுக்கு விற்கும் சாதாரண 6,500 கெல்வின் ஸ்ட்ரிப்பில் சிவப்பு குறைவு. ராமேசுவரம் கோயில் மதிலின் காவிப் பட்டைகள் அதில் செங்கல்பொடி நிறத்துக்கு இறங்கிவிடும். ஊரில் கிடைக்காவிட்டால் இந்த ஒன்றை மட்டும் வெளியூரிலிருந்து வரவழைப்பதில் தவறில்லை. பழைய பார்வைப்பெட்டிகளின் டார்ச் பல்பு பேட்டரி இறங்க இறங்க மஞ்சளாகிக்கொண்டே போகும். அந்தப் பிரச்சினையாவது நமக்கு இல்லை.

மின்சாரமே வேண்டாம் என்பவர்கள் பெட்டியைக் கழற்றிவிட்டு, தகட்டை மட்டும் வெளி வெளிச்சத்துக்குக் காட்டலாம். மேகம் மூடிய வானம் நல்ல விளக்கு. தெளிந்த நீல வானம் படத்தை நீலமாக்கும்.

சோதித்துப் பார்த்தல்

படம் இல்லாத இரண்டு வெற்றுச் சட்டங்களைச் செருகி, ஒரு கண்ணால் மட்டும் பாருங்கள். நடு பிரகாசமாகவும் சுற்றிலும் மங்கலாகவும் இருந்தால் எல்இடியின் ஒளி நேராகத் தகட்டை அடைகிறது, உதட்டை அகலப்படுத்துங்கள். தலையை இடமும் வலமும் சிறிது நகர்த்தும்போது ஓரம் மட்டும் நிழலடித்தால் தகடு அகலம் போதவில்லை, அல்லது ஸ்லைடு தாங்கி குறுக்கே நிற்கிறது. குறை பெட்டியிலா லென்ஸிலா என்று தெரியாவிட்டால், ஒளிப்பெட்டியை மட்டும் தலைகீழாகத் திருப்பி வையுங்கள். இருட்டும் கூடவே தலைகீழானால் பெட்டியின் குறை. நின்ற இடத்திலேயே நின்றால் லென்ஸிலோ அதன் பொருத்தத்திலோ தேடுங்கள். பிறகு இடக்கண், வலக்கண் என்று மாறி மாறி மூடிப் பாருங்கள்; வெண்மை மாறக் கூடாது.

ஒளிர்வை அளக்கத் தனிக் கருவி வேண்டியதில்லை. கேமராவை ஐஎஸ்ஓ 100, எஃப் 8 என்று வைத்து, தகடு மட்டுமே சட்டகத்தை நிறைக்கும்படி நெருங்கிப் பிடித்தால், உள்ளிருக்கும் மீட்டர் 1/160 வினாடியைக் காட்டும்போது தகட்டின் ஒளிர்வு ஏறத்தாழ அந்த 1,270 கேண்டெலாதான். 1/320 காட்டினால் இரட்டிப்பு இருக்கிறது என்று பொருள். தகட்டின் நடுவையும் நான்கு மூலைகளையும் இப்படியே தனித்தனியாக அளந்து ஒப்பிடலாம்.

கடைசியாக உண்மையான ஸ்லைடுகள். தேவிபட்டினத்தில் நவபாஷாணத்தை ஒரே கேமராவை நகர்த்தி எடுத்த இணையைப் போட்டால், தூண்கள் சரியாக நிற்கும், தண்ணீர் மட்டும் மினுங்கிக்கொண்டே இருக்கும். அது விளக்கின் குறையன்று. இரண்டு படத்துக்கு நடுவே அலை நகர்ந்ததால் இரண்டு கண்ணுக்கும் வெவ்வேறு அலை தெரிகிறது. பெட்டியை அவிழ்க்கும் முன், அசையாத பொருளும் வெறும் வானமும் உள்ள இணை ஒன்றை வைத்துத் தீர்மானியுங்கள்.

கண்டென்சர் லென்ஸ் ஆசை

பழைய ஸ்லைடு புரொஜெக்டரைப் பிரித்தவர்கள், விளக்கின் ஒளியைக் குவித்து அனுப்பும் அதன் கண்டென்சர் லென்ஸை இங்கே பயன்படுத்தலாமா என்று கேட்பார்கள். பயன்படுத்தலாம், ஆனால் எதை வாங்குகிறோம், எதைக் கொடுக்கிறோம் என்று தெரிந்து செய்ய வேண்டும். 40 மி.மீ. குவியத் தொலைவுள்ள கண்டென்சரை ஸ்லைடை அடுத்துப் பின்னால் வைத்து, அதற்கு 77 மி.மீ. பின்னால் 5 மி.மீ. எல்இடியை நிறுத்தினால், அதன் பிம்பம் சரியாக நாம் முன்பு கண்ட 83 மி.மீ. தூரத்தில், அதாவது கண்பாவையின் மேலேயே, விழும். வெளிச்சம் கண்ணைப் பறிக்கும். ஆனால் அந்தப் பிம்பம் கண்ணில் 3.2 மி.மீ. அகலமே இருக்கும், தலை கொஞ்சம் அசைந்தால் படமே இருண்டுவிடும். இரண்டு கண்ணுக்கும் ஒரே நேரத்தில் சரியாகப் பிடிப்பது வீட்டிலுள்ள மற்றவர்களுக்குப் பெரும் சோதனை. ஒடுங்கிய ஒளிக்கற்றை பிலிமின் மேலுள்ள ஒவ்வொரு கீறலையும் தூசையும் கோடிட்டுக் காட்டும் என்பது அடுத்த குறை. காற்றோடு பொடிமணல் வரும் ஊரில் இது சிறிய குறையன்று.

இடைவழி ஒன்று உண்டு. எல்இடியின் இடத்தில் 19 மி.மீ. விட்டமுள்ள பால்நிற வட்டத் தகட்டை வைத்து, அதைப் பின்னாலிருந்து ஒளியூட்டினால், கண்ணுக்குத் தேவையான 12 மி.மீ. இடம் கிடைத்துவிடும். ஒளிர வேண்டிய பரப்பு எட்டில் ஒன்றாகச் சுருங்குவதால் பேட்டரி பல மடங்கு நேரம் உழைக்கும். கண்டென்சர் ஸ்லைடின் மூலைவிட்டமான 43 மி.மீ.ஐ மூடும் அளவுக்குப் பெரியதாக இருக்க வேண்டும். பெட்டியின் ஆழமும் கூடும். தட்டையான பிரெனெல் லென்ஸைக் கொண்டு இடத்தை மிச்சப்படுத்த நினைத்தால், அதன் வட்ட வரிகள் ஸ்லைடோடு சேர்ந்து தெரியும் என்பதை மறக்க வேண்டாம். முதல் பெட்டியைத் தகட்டோடு செய்து பழகிய பிறகு இதைத் தொடலாம் என்பது என் கருத்து.

உப்பும் வெயிலும்

திருகுகள் எல்லாம் 316 வகைத் துருப்பிடிக்காத எஃகாகவோ பித்தளையாகவோ இருக்கட்டும். படகுச் சாமான் விற்கும் கடைகளில் கேட்டால் கிடைக்கும். பற்றவைத்த இடங்களைச் சோதித்து முடித்ததும் நிறமில்லாத நகப்பூச்சை மெல்லப் பூசிவிடுங்கள். பெவிக்விக் போன்ற உடனடிப் பசையை மூடிய பெட்டிக்குள் பயன்படுத்தினால் அதன் ஆவி லென்ஸிலும் அக்ரிலிக்கிலும் வெண்படலமாகப் படியும். ஒட்டிய பிறகு ஒரு நாள் திறந்து வைத்து, அதன் பின்னரே லென்ஸைப் பொருத்த வேண்டும்.

அக்ரிலிக் தகட்டில் படியும் உப்பை உலர்ந்த துணியால் துடைக்காதீர்கள். உப்புப் பரல் கீறிவிடும். நல்ல தண்ணீரில் நனைத்த பருத்தித் துணியால் ஒற்றி எடுத்து, பிறகு உலர்த்துங்கள். தின்னரும் பெட்ரோலும் ஸ்பிரிட்டும் அக்ரிலிக்கில் மயிர்வெடிப்பு உண்டாக்கும். ஸ்லைடுகளுக்குக் கண்ணாடிச் சட்டம் வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் உள்ளே அடைபட்ட ஈரம் வெளியேறாமல் பூஞ்சை பிடிக்கும். கண்ணாடியில்லாத சட்டமும், மூடிய டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலமும் போதும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது வெயில். ஸ்லைடு லென்ஸின் குவியத்தில்தான் நிற்கிறது. எனவே கண் வைக்கும் பக்கம் வெயிலைப் பார்த்தபடி பெட்டியைத் திண்ணையிலோ மொட்டைமாடியிலோ வைத்துவிட்டுப் போனால், 30 மி.மீ. லென்ஸில் விழும் சூரிய வெளிச்சம் முழுவதும் அரை மில்லிமீட்டர் பொட்டாகப் பிலிமின் மேல் குவியும். பிலிம் பொசுங்க அதிக நேரம் ஆகாது, பொட்டு பட்ட இடத்தில் ஓட்டைதான். பின்பக்கத் தகட்டில் வெயில் பட்டால் இந்த ஆபத்து இல்லை. லென்ஸ்கள் இரண்டையும் சேர்த்து மூடும் ஒரு மூடியை அதே ஃபோம் பலகைத் துண்டில் செய்து, தொலையாமலிருக்க ஒரு நைலான் கயிற்றால் பெட்டியோடு கட்டிவிடுங்கள். பார்த்து முடித்ததும் ஸ்லைடை எடுத்த பிறகே பெட்டியைக் கீழே வைப்பது என்று வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்.